வேலம்மாளுக்குச் சொல்ல வேண்டியவை, வேண்டாதவை

வைகாசி 9

திருச்சி விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள், எழுத்து கோணலாகத்தான் வரும். எழுதாமலும் முடியாது. போகிற வீட்டில் தமிழ் தெரிந்தவள் என் மகள் தமயந்தி ஒருத்திதான். அவளோடு எனக்குப் பேச்சு கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை நான் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது பினாங்கிலிருந்து போன் செய்தாள். "அம்மா, நேத்து ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டோம்" என்றாள். கூட வேலை பார்க்கிற சீனப் பையன். நேற்றாம்! கேட்கவில்லை, தகவல் சொன்னாள். போனை வைத்தேன். அதற்குப் பிறகு அவள் அழைத்தால் எடுப்பதில்லை.

இப்போது பிள்ளை பெறப் போகிறாள். மகள் பிரசவத்துக்குப் போகாதவள் என்ற பேர் எனக்கு வேண்டாம். செய்ய வேண்டியதைச் செய்வேன். பேசமாட்டேன். திரும்பிவிடுவேன்.

கிளம்புகிற நேரத்தில் நாத்தனார் வேலம்மாள் வந்து வாசலை மறித்தாள். கோயில் குழுவோடு மார்கழியில் மலேசியா போகிறாளாம்.

"மதினி, அங்கிட்டு என்ன வாங்கலாம், எதுல ஏமாத்துவாங்க, எங்க தங்கலாம், எல்லாத்தையும் பார்த்து எழுதியாங்க."

"ஓட்டல் பார்த்துக்க. எனக்கு அங்க யாரும் கிடையாது" என்றேன்.

இதே வேலம்மாள்தான் தன் மகள் கல்யாணப் பந்தியில், வரிசை முழுக்கக் கேட்கும்படி, "மதினி, உங்க சீனா மருமகன் பாம்பு திம்பாரா?" என்று கேட்டவள். அன்று அவள் கட்டியிருந்தது மாம்பழ நிறப் பட்டு, அரக்குக் கரை. எனக்கு அப்போதுதான் ரசம் ஊற்றியிருந்தார்கள். மோர் வாங்காமல் எழுந்தேன்.

அதனால் அவளுக்குச் சொல்லலாம், சொல்ல வேண்டாம் என்று பிரித்தே எழுதுவேன்.

சொல்லலாம்: வருகை அட்டையைப் புறப்படும் முன்பே கைபேசியில் நிரப்பிவிட வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது உயிர் இருக்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட் கேட்பார்கள். விசா வேண்டாம், ஆனால் முப்பது நாள்தான்.

சொல்ல வேண்டாம்: ஜன்னலோர இடம் கேட்டு வாங்கலாம் என்பது.

வைகாசி 10

சுங்கத்தில் என் பையைத் திறந்தார்கள். முக்காடு போட்ட மலாய்ப் பெண், தமயந்தி வயதிருக்கும். பிரசவ லேகிய டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். நான் வயிற்றைக் காட்டி, பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி கையை ஆட்டினேன். "ஓ, ஜாமு!" என்று சிரித்துத் தன் வயிற்றையும் தடவிக் காட்டினாள். அவர்களிலும் பிள்ளை பெற்றவளுக்கு மருந்து இருக்கிறது போலிருக்கிறது. டப்பாவை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே அந்தப் பையன், வெய் லூன், ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதில் பொன்னழகு என்று தமிழில் என் பேர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதின மாதிரி இருந்தது.

"அத்தை, சாப்பிட்டீங்களா?"

அந்த ஒரு வாக்கியம்தான் தெரியும் போல. கோலாலம்பூரிலிருந்து பினாங்குவரை காரில் போனோம். வழியில் ஓய்விடம் வந்த போதெல்லாம் நிறுத்தி, கதவைத் திறந்து, "அத்தை, சாப்பிட்டீங்களா?" என்றான். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் அவனாகவே இட்லி வாங்கி வந்து மடியில் வைத்தான். பசி என்பதால் சாப்பிட்டேன்.

சொல்லலாம்: விமான நிலையம், கார், கடை, எல்லா இடமும் குளிர். சால்வை கைப்பையிலேயே இருக்கட்டும். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் உண்டு, பயம் வேண்டாம். நம் ஊர் சார்ஜர் அங்கே நுழையாது, மூன்று சதுரக் கால் வைத்தது வேண்டும். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும்.

சொல்ல வேண்டாம்: கடல்மேல் போகிற பாலம். அவளே பார்த்து வாயைப் பிளக்கட்டும்.

வைகாசி 11

ஜெலுத்தோங் என்ற பேட்டையில் உயரமான அடுக்குமாடி. கதவைத் திறந்தவள் தமயந்தி. வயிறு இறங்கி நிற்கிறது. முகம் இளைத்திருக்கிறது.

"வாம்மா."

நான் செருப்பு அலமாரியைப் பார்த்து, "செருப்பை எங்க விடுறது?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவளும் அலமாரியிடமே, "கீழ்த்தட்டுல விடச் சொல்லு" என்றாள். என் வயிற்றில் பிறந்தவள்தானே.

உள்ளே சோபாவில் ஒரு சீனக் கிழவி. கிராப்புத் தலை, பூப்போட்ட காற்சட்டை. பையனின் தாய், பேர் கிம் லியான். வேறு பேட்டையில் குடியிருக்கிறாள், தினமும் குட்டி மோட்டார் சைக்கிளில் வந்து போகிறாள், இந்த வயதில்! அடுப்படி முழுக்க அவள் சாமான். அதை விரலால் சுட்டி, "இதெல்லாம் யாரோடது?" என்று சுவரிடம் கேட்டேன். விரலைப் பார்த்ததும் அவள் முகம் இறுகிவிட்டது. கோபக்காரி.

சொல்லலாம்: யார் வீட்டிலும் செருப்போடு நுழையக் கூடாது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

வைகாசி 13

தமயந்தி சுவரிடம் மிளகு ரசம் கேட்டாள். வைத்தேன். மூன்று தம்ளர் குடித்தாள்.

வைகாசி 14

அடுக்குமாடியின் அடியில் ஒரு சாப்பாட்டுக் கடை. முதலாளி சிக்கந்தர் பாய். அவருடைய வாப்பா இளையான்குடியாம். நம் பக்கத்துப் பேச்சைக் காதில் கேட்டதும் எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது.

"வாங்கத்தா! மானாமதுரையா? உங்க ஊரு பானைதானே எங்க வீட்ல தண்ணிப் பானை!"

விரல் விஷயத்தை அவர்தான் சொன்னார். "இங்க ஆளையோ பொருளையோ ஒத்த விரலை நீட்டிக் காட்டப்படாதுத்தா. மரியாதைக் குறைச்சல். கையை மூடிக்கிட்டு, கட்டைவிரலால காட்டணும், இப்படி." அப்படியே செய்து பார்த்தேன். யாருக்கோ தாம்பூலம் நீட்டுகிற மாதிரி இருக்கிறது.

பிள்ளைகள் தலையைத் தொடக்கூடாது, எதையும் இடது கையால் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். டீயில் டப்பாவில் வரும் கெட்டிப்பாலும் சீனியும் கொட்டுகிறார்கள். "குராங் மானிஸ்" என்று சொன்னால் இனிப்பைக் குறைப்பார்கள்.

சொல்ல வேண்டாம்: குராங் மானிஸ். வேலம்மாளுக்குச் சர்க்கரை இருக்கிறது, அது வேறு விஷயம். யோசிக்க வேண்டும்.

வைகாசி 17

பெண். காலையில் பிறந்தாள். காது என் அம்மாவுடையது. கண் அந்தப் பக்கம்.

வலியில் தமயந்தி என் கையைப் பிடித்தாள். நான் பேசவில்லை. கையை விடவும் இல்லை.

வைகாசி 20

வீட்டுக்கு வந்துவிட்டோம். அடுப்படியில் சண்டை.

பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் காய்ச்சித் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி காட்ட வேண்டும். நான் அண்டாவை அடுப்பில் ஏற்றினால் கிம் லியான் இறக்குகிறாள். மாதம் நிறையும்வரை தலையில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாதாம், காற்று உள்ளே புகுந்துவிடுமாம். ஏற்றினேன். இறக்கினாள். மறுபடி ஏற்றினேன். தமயந்தி கட்டிலில் இருந்தபடி, "சுவரே, எனக்குத் தூக்கம் வருதுன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லு" என்றாள்.

மத்தியானம் கிம் லியான் கோழி சமைத்தாள். இஞ்சியை நல்லெண்ணெயில் வதக்கினாள். வாசனை எனக்குத் தெரிந்த வாசனைதான், மனசுக்குள் சரி என்றேன். அதற்குப் பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து, துணியை அவிழ்த்து, கரண்டி கரண்டியாக ஊற்றினாள். சாராயம்! அரிசிச் சாராயம்! பால் கொடுக்கிறவளுக்கு!

வைகாசி 21

கிம் லியான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அலமாரியைத் துடைப்பதற்காக ஜாடியை எடுத்தேன். கவிழ்ந்துவிட்டது. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் கவிழ்ந்தது. முழுவதும்.

அவள் திரும்பி வந்து வெறும் ஜாடியைப் பார்த்தாள். கத்துவாள் என்று இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றேன். கத்தவில்லை. ஜாடியை மோந்து பார்த்தாள். தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தமயந்தி எழுந்து வந்தாள்.

"அம்மா, நான் சுவத்துகிட்டச் சொல்லல, உன்கிட்டத்தான் சொல்றேன். என் வயித்துல புள்ளன்னு தெரிஞ்ச அன்னைக்கே எங்க அத்தை அரிசி ஊறப் போட்டாங்க, அந்த ஜாடிக்கு. ஒரு இந்தியப் பொண்ணான்னு இவங்க சொந்தக்காரங்க எல்லாம் மூஞ்சியைத் திருப்புனப்போ, அவங்ககிட்ட சண்டைக்குப் போனவங்க இவங்க. நீ போனை எடுக்கவே இல்ல. எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தேன். கஞ்சி ஊட்டுனது யாருன்னு நினைக்கிற?"

நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேலேயே உரித்துவிட்டேன்.

வைகாசி 22

கிம் லியான் வரவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. நல்லதுதான்.

வைகாசி 23

இன்றும் வரவில்லை. என்ன வீம்பு அந்தக் கிழவிக்கு.

வைகாசி 24

கிம் லியான் வீடு ஆயர் ஈத்தாம் பக்கம். பஸ்ஸில் தனியாகப் போனேன். சிக்கந்தர் பாய் முகவரியை மலாயில் எழுதி, நிறுத்தம்வரை வந்து ஏற்றிவிட்டார்.

"வெறுங்கையா போகாதீங்கத்தா. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்குங்க, இரட்டைப்படையா. ஆனா நாலு மட்டும் வேணாம், அவுகளுக்கு அது சாவு எண்ணு. சிவப்புப் பையில போடுங்க. வெள்ளைப்பூ கிட்டயே போகாதீங்க."

"மல்லிகைப்பூகூடவா?"

"அதை நீங்க வச்சுக்குங்க. அவுகளுக்குக் குடுக்காதீங்க."

பஸ்ஸில் ஓட்டுநரிடம் சீட்டைக் காட்டினேன். இறங்க வேண்டிய இடத்தில் அவரே திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். தெருமுனையில் வழி கேட்டது ஒரு மலாய்ப் பையனிடம். அவன் கட்டைவிரலால் காட்டினான், நானும் கட்டைவிரலால், அங்கேயா என்று காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பழைய தகர வீடு. வாசலில் சிவப்பு விளக்கு. உள்ளே செத்துப்போன புருஷன் படம், ஊதுவத்தி. என் வீட்டிலும் அதே உயரத்தில்தான் மாட்டியிருக்கிறது.

கிம் லியான் என்னைப் பார்த்தும் அசையவில்லை. அவளுக்கு முன்னால் பெரிய மூங்கில் தட்டில் வெந்த பசை அரிசி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த ஜாடி. மறுபடியும் ஊறப் போடுகிறாள்.

பையை இரண்டு கையாலும் கொடுத்தேன். பழத்தோடு லேகியமும் வைத்திருந்தேன். டப்பாவைத் திறந்து நுனிவிரலில் எடுத்து வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். மறுபடி ஒரு விரல் எடுத்தாள். எழுந்து உள்ளே போய் ஒரு துண்டு இஞ்சியும் எண்ணெய்ப் புட்டியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, டப்பாவைக் கட்டைவிரலால் காட்டினாள். "ஆமா, இஞ்சி. ஆமா, நல்லெண்ணெய்" என்றேன். அவள் என்னவோ சொன்னாள். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டிருப்பாள். நானாக இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நான் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. சோறு ஆற வேண்டுமே என்று விசிறியை எடுத்து விசிறினேன். அவ்வளவுதான். ஆறும்வரை விசிறினேன். இது இனிமேல் எப்போது புளிக்கும், யாருக்கு என்று கையால் கேட்டேன். அவள் பிள்ளையைத் தாலாட்டிக் காட்டி, அடுத்தது என்பதுபோல் தள்ளி இன்னொரு பிள்ளையைத் தாலாட்டிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்த்தி வைத்துக் கூட்டிவந்தாள். தலைக்கவசம் கட்டாயம். கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று வந்தேன். வேலம்மாளுக்குச் சொல்லலாமா? சொன்னால் நம்பமாட்டாள்.

வைகாசி 28

இப்போது காலையில் என் லேகியம், மத்தியானம் அவள் கோழி. சாராயம் இல்லாமல்தான். தலைக்கு ஊற்றும் பேச்சை நான் எடுப்பதில்லை. உடம்புக்கு மட்டும் வெந்நீர். சாம்பிராணிக்கு அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள், ஜன்னலைச் சாத்துகிறாள். பிள்ளைக்கு நான் வைத்த கறுப்புப் பொட்டை அழித்துவிட்டுச் சிவப்பு வைக்கிறாள். நான் காதுக்குப் பின்னால் கறுப்பு வைத்துவிடுகிறேன். அங்கே அவள் பார்ப்பதில்லை. பார்த்தும் சும்மா இருக்கிறாளோ என்னவோ.

ஆனி 2

இவர்களில் பிள்ளைக்கு மாதம் நிறைந்த அன்றைக்குப் பெரிய விருந்து. அன்றுதான் தாய்க்குத் தலைக்குத் தண்ணீர். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னாலேயே எனக்குக் கொடுத்த நாள் முடிந்துவிடும். இன்னும் கொஞ்ச நாள் கேட்டுப் பார்க்கலாம் என்று வெய் லூன் சொன்னானாம். வேண்டாம் என்று சுவரிடம் சொன்னேன். முப்பது என்றால் முப்பது. ஒரு நாட்டுக்குப் போனால் அவர்கள் கணக்குக்குக் கட்டுப்பட வேண்டும். வேலம்மாளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

விருந்து எனக்கு எதற்கு? வேலை செய்ய வந்தேன், செய்தாகிவிட்டது.

சாயங்காலம் கிம் லியான் மகனோடு ரொம்ப நேரம் பேசினாள். தமயந்தி தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "சுவரே, கேட்டுக்க" என்றாள். "விருந்து இந்த வெள்ளிக்கிழமை. மாசம் நிறையறது எங்க கணக்கு, சம்பந்திக்குக் குடுத்த கணக்கு வேற, அவங்க இல்லாம விருந்து யாருக்குன்னு கேக்குறாங்க. தலைக்கும் அன்னைக்கே ஊத்தலாமாம்."

ஒரு நாள் முன்னால்கூட ஒரு சொட்டு விடமாட்டேன் என்று அண்டாவை இறக்கினவள். நான் துணி எடுக்கப் பால்கனிக்குப் போனேன். எல்லாம் ஏற்கெனவே எடுத்து மடித்திருந்தது.

ஆனி 6

விடிந்ததிலிருந்து ஓய்வில்லை. விருந்துக்கு என்ன தெரியுமா? முட்டையை அவித்துச் சிவப்புச் சாயத்தில் போட்டு எடுக்கிறார்கள். அது சரி. சோறு என்ன சோறு? மஞ்சள் சோறு! தேங்காய்ப் பாலும் மஞ்சளும் போட்டு வேகவைத்தது. அதற்குத் தொட்டுக்கொள்ளக் கோழிக் குழம்பு! இந்த ஊர்ச் சீனர்கள் பரம்பரையாக இப்படித்தான் செய்கிறார்களாம். கிம் லியான் கரண்டியை என் கையில் கொடுத்து, சட்டியைக் கட்டைவிரலால் காட்டினாள். குழம்பு நீ வை என்கிறாள்.

மலாய் அண்டை வீட்டார் வருவார்கள் என்று கோழியைச் சிக்கந்தர் பாய் சொன்ன ஹலால் கடையில் வாங்கினோம், சட்டியும் அவர் கடைச் சட்டி. பாய் வந்து ருசி பார்த்து, "ஆத்தா, கடையை உங்ககிட்டக் குடுத்துட்டு நான் ஹஜ்ஜுக்குப் போயிடறேன்" என்றார்.

ஆட்கள் வருவதற்கு முன்னால் தலைக்கு ஊற்ற வேண்டும். கிம் லியான் இஞ்சித் தோல் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைக் கொண்டுவந்து குளியலறையில் வைத்தாள். அவளே ஊற்றுவாள் என்று நினைத்தேன். சொம்பை என்னிடம் நீட்டி, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

முக்காலியில் தமயந்தி உட்கார்ந்திருந்தாள். முதுகு எலும்பு தெரிந்தது. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த சீயக்காயைக் குழைத்தேன்.

"குனிடி. கண்ணுல படும்."

அவள் குனியவில்லை. திரும்பாமலே கேட்டாள்: "சுவத்துகிட்டச் சொல்றியா?"

"உன்கிட்டத்தாண்டி."

குனிந்தாள். ஊற்றினேன். தோள் குலுங்கியது. எனக்கும் கண் எரிந்தது. சீயக்காய்.

"நேத்துன்னு சொன்னியேடி. நாளைக்குன்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல?"

"வந்து நிறுத்தியிருப்ப."

"ஆமா, நிறுத்தியிருப்பேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வெளியிலிருந்து கிம் லியான் கதவைத் தட்டினாள், தண்ணீர் ஆறிவிடப் போகிறது என்றுதான் இருக்கும்.

பந்தியில் மாப்பிள்ளை எல்லோருக்கும் பரிமாறிவிட்டு ஒரு ஓரமாக நின்றார். நான் தட்டோடு போனேன்.

"மாப்பிள்ளை, நீங்க சாப்பிட்டீங்களா?"

அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கேள்வியைத்தானே படித்து வைத்திருக்கிறார்! முழித்துக்கொண்டு நின்றார். கரண்டி நிறையக் குழம்பை ஊற்றினேன்.

ஆனி 7

கோலாலம்பூர் விமான நிலையம். சால்வை போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். பை நிறையச் சிவப்பு முட்டை. வழியிலேயே சாப்பிட்டுவிட வேண்டுமாம், இரண்டை மட்டும் மறைத்து வைத்திருக்கிறேன்.

வேலம்மாள் போன் செய்தாள்.

"மதினி, எல்லாம் எழுதிட்டீகளா?"

எல்லாவற்றையும் சொன்னேன். வருகை அட்டை, சதுரக் கால், சால்வை, கட்டைவிரல், கழிப்பறைக் குழாய். குராங் மானிஸையும் சொன்னேன், மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். ஜன்னலோர இடத்தையும் சொன்னேன். பாலத்தை மட்டும் சொல்லவில்லை.

"பினாங்குல ஓட்டல் எல்லாம் கூட்டமா இருக்குமாம் மதினி, மார்கழியில. எதுல தங்குறது?"

"ஓட்டல் எதுக்குடி? எம்மக வீடு இருக்கு. கடலைப் பார்த்த வீடு. மார்கழியில நானும் அங்கதான் இருப்பேன். வரும்போது பிள்ளைக்குத் தொட்டில் கட்ட உன்னோட பழைய பட்டு ஒண்ணு கொண்டுவா. அந்த மாம்பழ நிறம், அரக்குக் கரை."

எந்தப் பட்டு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது.

"கொண்டுவாரேன் மதினி" என்றாள் மெதுவாக.

"கொண்டுவா. எம் மருமகன் கோழிக் குழம்பு ஊத்துவாரு. பாம்பு அந்த மாசத்துல கிடைக்காது."